காளியாயி வாசிக்க முடியாமற்போன அரைப்பக்கம்

அனுப்புபவர்:
திருமதி இசபெல் றோலண்ட்,
ஓய்வுபெற்ற உப தபால் அதிபர்,
வாகைமலைத் தோட்டம், லிந்துலை.

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள்,
தொடர்பாடல் மற்றும் ஊடகக் கற்கைகள் துறை.

பிரதி: துணைவேந்தர் அவர்கள்

விடயம்: தங்கள் மாணவர்கள் எடுத்த ‘மௌனத் தளிர்கள்’ ஆவணப்படத்தில் திருமதி காளியாயியை எழுத்தறியாதவராகக் காட்டியமை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி படம் சென்ற மாதம் தங்கள் துறையின் இணையப் பக்கத்தில் ஏற்றப்பட்டது. அதன் நான்காவது நிமிடத்தில் ஒரு பெண் தேயிலைக் கொழுந்துக் கூடையுடன் நாற்பது விநாடி பேசாமல் நிற்கிறார். வயலின் இசை கேட்கிறது. “எழுத்தறியாத இந்தத் தாய்க்குத் தன் துயரைச் சொல்லவும் வார்த்தையில்லை” என்று ஒரு குரல் சொல்கிறது. அந்தப் பெண் என் அயல்வீட்டார் காளியாயி, வயது ஐம்பத்தாறு. அவர் ஏன் பேசாமல் நின்றார் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

2. இத்தோட்டத்தின் தபாலகத்தில் நான் இருபத்தொன்பது ஆண்டுகள் கடமையாற்றினேன். இங்கே யார் கையெழுத்து வைப்பார், யார் கைநாட்டு வைப்பார் என்பது எனக்குத் தெரியும். காளியாயி ஒருநாளும் கைநாட்டு வைத்ததில்லை. சென்ற மாதம்வரை நான் வாசித்து முடித்த பத்திரிகையை மாலையில் வாங்கிச் செல்வார். மறுநாள் அதிலுள்ள பிழைகளையும் சொல்வார்.

3. கடந்த ஜூலை மாதம் தாங்கள் கையொப்பமிட்ட கடிதத்துடன் தர்ஷன் என்ற இறுதியாண்டு மாணவரும் இரு மாணவிகளும் வந்தார்கள். கடிதம் முறையாக இருந்ததால் என் முன்னறையைக் கொடுத்தேன். நல்ல கோப்பைகளில் தேநீரும் கொடுத்தேன். படத்தை அதிகாரிகள் பார்ப்பார்கள், சொல்ல வேண்டியதைத் தயங்காமல் சொல்லலாம் என்றார் தர்ஷன். காளியாயி அதை நம்பி, பேச வேண்டியதை அன்று மாலையே அரைப்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நான் ஒரு கால்புள்ளிகூடத் திருத்தவில்லை. தேவை இருக்கவில்லை.

4. அவர் எழுதியது இதுதான். சென்ற மார்ச் மாதம் ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஆறு பேரைக் குளவிகள் கொட்டின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. நிறுவை முடிந்து கொழுந்து லொறி வரும்வரை வீதியோரத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய நாத்தனார் நாகலெட்சுமி அங்கேயே இறந்தார். குளவிக்கூடுகளை அகற்ற வேண்டும், மலையடியில் எந்நேரமும் ஒரு வாகனம் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கூடு இன்றும் அதே மரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அவர்கள் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள்.

5. மறுநாள் தேயிலை மலையில் படப்பிடிப்பு. காளியாயியின் மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது, கழற்றுங்கள் என்றார் தர்ஷன். பிறகு கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். அதில் எந்த வெளிச்சம் தெறித்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காளியாயி தாளைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், பிறகு என்னைப் பார்த்தார். “புள்ளைங்க சொல்றபடி நில்லு காளியாயி, பொறகு வாசிக்கலாம்” என்று சொன்னவள் நான். இந்தப் புகாரில் என் பங்கையும் எழுதிவைக்கிறேன்.

6. “போதும், அருமையாக வந்திருக்கிறது” என்றார்கள். வாசிப்பதைப் பிறகு எடுப்பதாகச் சொன்னார்கள். மழை வந்தது, மூன்றரை பஸ்ஸில் போய்விட்டார்கள். படத்தில் அந்தத் தாள் இல்லை. காட்சி அவருடைய மணிக்கட்டுக்கு மேலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஐயா, தாள் தெரியக்கூடாது என்று எண்ணாத ஒருவர் அந்த இடத்தில் வெட்டியிருக்க மாட்டார்.

7. தர்ஷனைத் தொலைபேசியில் அழைத்தேன். “அது ஒரு குறியீடு, அம்மா” என்றார். நாகலெட்சுமியைக் கொட்டியதும் குறியீடா என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்தப் படத்துக்கு வகுப்பிலேயே அதிக புள்ளிகள் கிடைத்ததாக அறிகிறேன். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். ஒருவர் சொல்ல வந்ததை மறைப்பது பொய் என்று எங்களுக்கு ஐந்தாம் வகுப்பில் கற்பித்தார்கள். தங்கள் துறையில் அது எந்த ஆண்டில் கற்பிக்கப்படுகிறது என்பதை அறியத் தரவும்.

8. காளியாயியின் மகள் நிஷாந்தி கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டியபோது லயத்து வரிசை வீட்டார் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், “என்னா ஊமையக்கா, இன்னைக்காச்சும் வாயத் தொறப்பியா?” என்று கேட்டார்கள். “கண்ணாடியக் குடுங்கடி, தொறக்கிறேன்” என்றார் காளியாயி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை பத்திரிகை வாங்கவும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

9. இம்மாதம் 25ஆம் திகதி ஹட்டனில் அதிகாரிகள் முன்னிலையில் இப்படம் திரையிடப்படவுள்ளது. காளியாயியின் அரைப்பக்கத்தைக் கேட்க வேண்டிய அதே அதிகாரிகள்தான் அவர்கள். ஆகவே இப்போதுள்ள வடிவில் திரையிடலைத் தாங்கள் நிறுத்த வேண்டும். ‘எழுத்தறியாத’ என்ற வாக்கியத்தை நீக்க வேண்டும். மாணவர்களை 25ஆம் திகதிக்கு முன் மீண்டும் இங்கே அனுப்பி, காளியாயி தன் எழுத்தைத் தானே முழுமையாக வாசிப்பதை இசையின்றிப் பதிவுசெய்து அந்த நாற்பது விநாடிக்குப் பதிலாகச் சேர்க்க வேண்டும்.

10. அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட தாளின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலம் அவரிடம் இருக்கிறது. வருகிறவர்களுக்குத் தேநீர் தருவேன். காளியாயி கண்ணாடி அணிந்தே நிற்பார். வெளிச்சம் தெறித்தால் கமெராவை நகர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்) இசபெல் றோலண்ட்

இடம்: லிந்துலை
திகதி: 2025.10.06