எழுபது மார்க் வாங்கிய விளக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் கண்ணும் சேர்த்துத்தான். நீ நலமா என்று கேட்கவில்லை, கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், போனில் உன் இருமல் வேறு கதை சொல்கிறது.

என் கண்ணைப் பற்றி உன் அண்ணன் உன் காதில் ஏற்கெனவே ஓதியிருப்பான். நம் நூல் கடையில் அவன் புது எல்இடி விளக்கு போட்டதிலிருந்து நான் துணிக்கு நிறம் பார்த்துப் பொருத்திக் கொடுத்த நூல்கண்டுகள் திரும்பி வருகின்றன. போன வாரம் எதிர்க்கடைத் தையல்காரர் மெரூன் துணியோடு வந்து, என்னம்மா இது, பழுப்பு நூலைக் குடுத்திருக்கீங்க, தெச்சதெல்லாம் பிரிக்கணும் என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அவர் படி இறங்குவதற்குள் உன் அண்ணன், கண்ணு மங்கிப்போச்சும்மா, கடைய நான் பாத்துக்கறேன், நீ வீட்ல இரு என்றான். முன்பே தயாராக வைத்திருந்த பேச்சு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று கழுவுகிற பாத்திரத்திடம் சொல்கிறாள். கூடம் கோணலா இல்லையா என்று யாராவது அளந்து பார்த்தார்களா?

நான் அளந்தேன். நீ அனுப்பிய ஒளி மீட்டரை முதல் நாள் கையில் பிடித்து என் நிழலையே அளந்துவிட்டேன், உன் அண்ணன் சிரித்தான். மறுநாள் மேசைமேல் வைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். பின்னறையில் எரியும் பழைய டியூப்லைட்டைவிடப் புது விளக்குக்கு லக்ஸ் அதிகம். பாத்தியா, வெளிச்சம் ஜாஸ்திதான் என்றான். எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதுதான் அந்த மீட்டருக்குத் தெரியும், எப்படிப்பட்ட வெளிச்சம் என்று தெரியாது, இதை நானே தேடிப் படித்துக்கொண்டேன். அது தெரிந்துதான் அனுப்பினாயா, அல்லது அண்ணன் அதையே வாங்கச் சொன்னானா? விளக்குப் பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண், வெளிச்சம் மஞ்சளா நீலம் ஓடிய வெள்ளையா என்பதற்கு. சிஆர்ஐ என்று இன்னொன்று, நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க். நம் விளக்கு எழுபதுதான், நிறம் பொருத்தத் தொண்ணூறாவது வேண்டுமாம். இந்த மாதிரி விளக்கில் சிவப்பு இன்னும் மோசமாம். அந்த எண்ணின் மேலேயே விளக்குக் கடைக்காரர் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார், தற்செயலாம்.

இப்போது நூலை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பொருத்துகிறேன், ஒரு கண்டுகூடத் திரும்பவில்லை. அதற்கும் உன் அண்ணன், குருட்டாம்போக்குல சரியாயிருக்கும், டாக்டர்கிட்ட போலாம் வா என்கிறான். முதலில் விளக்கை மாற்றட்டும், பிறகு என் கண்ணைப் பார்க்கலாம். நீயே பொருத்திப் பார் என்றால் வேலை இருக்கு என்று நழுவுகிறான்.

ஆகவே இந்தத் தாளின் அடியில் மூன்று நூல் ஒட்டியிருக்கிறேன். அதே பெட்டியிலிருந்து மாப்பிள்ளை எடுத்துப்போன விளக்கின் கீழே ஒருமுறை பார், பகலில் ஜன்னலோரம் ஒருமுறை பார், இரண்டிலும் கண்டதை எழுது. இரண்டு நூல் ஒரே கண்டிலிருந்து வெட்டியவை. எவை என்று அண்ணனுக்குத் தெரியாது, அவனிடம் கேட்டு எழுதினால் அகப்பட்டுக்கொள்வாய்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள். இருமலுக்கு மருந்து வாங்கு. பதிலைக் கடை விலாசத்துக்கு அனுப்பு, வீட்டுக்கு வேண்டாம்.

இன்னும் கடையில்தான் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா