இரண்டாம் பதிப்புக்கு முன்

அல்மாட்டி
12 செப்டம்பர் 2022

அன்பு ஒரின்ஷாவுக்கு,

இந்த முறை மூன்று புத்தகங்கள். ஆரல் கடல் வற்றிய வரலாற்றில் உங்கள் ஊர் கசாலியைப் பற்றி மட்டும் அறுபது பக்கம் இருக்கிறது. எது பொய் என்று நீதான் சொல்ல வேண்டும். பஞ்சத்தைப் பற்றியதைச் சாப்பிடும்போது படிக்காதே. மூன்றாவது, அமைச்சர்களின் பதவிச் சண்டை. சிரித்துக்கொண்டே படிக்கலாம். என் கடையில் இப்போது வரலாறும் அரசியலும்தான் முதலில் தீர்ந்துபோகின்றன.

நம் விடுதி அறை ஞாபகம் வருகிறது. ஒரே புத்தகத்தை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதியாகப் படிப்போம். நீ முடிவை முதலில் படித்துவிட்டு, "சொல்லட்டுமா, சொல்லட்டுமா" என்று என் உயிரை வாங்குவாய்.

உன் ரைகான்


கசாலி
3 அக்டோபர் 2022

ரைகானுக்கு,

மூன்றையும் முடித்துவிட்டேன். பள்ளிச் சமையல்காரிக்கு இத்தனை படிப்பு எதற்கு என்று இங்கே கேலி செய்கிறார்கள். ஆரல் புத்தகக்காரன் எங்கள் மீன் தொழிற்சாலையை ஆற்றின் தவறான கரையில் வைத்திருக்கிறான். மற்றபடி நல்ல பிள்ளை.

எண்பத்தாறு டிசம்பரில் அல்மாட்டி மாணவர்கள் அரசை எதிர்த்து நடத்திய போராட்டத்தைப் பற்றிப் புதிய புத்தகம் வந்திருக்கிறதாமே? மருமகள்தான் சொன்னாள்: "அத்தை, அதுல உங்க பேரு இருக்காம்." புத்தகக் கடை வைத்திருப்பவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஏனடி அனுப்பவில்லை?

ஒரின்ஷா


அல்மாட்டி
20 அக்டோபர் 2022

ஒரின்ஷா,

புத்தகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக அது என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் புகைப்படம் இருக்கிறது. பனி கொட்டும் சதுக்கத்தில் முழக்க அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பெண். முகம் மங்கலாக இருக்கிறது. கீழே உன் பெயர்.

அது நான் என்பது நம் இருவருக்குத்தான் தெரியும். விசாரணை அதிகாரி நம் இருவர் முன்னால் படத்தை மேசையில் போட்டு, "இது யாரு?" என்றபோது நான் தரையைப் பார்த்தேன். "நான்தாங்க ஐயா" என்று நீ சொன்னாய். உன்னைக் கல்லூரியை விட்டு நீக்கினார்கள். நான் பட்டம் வாங்கினேன்.

நூலாசிரியர் சபித்தை வரவழைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "இத்தனை வருஷம் ஏங்க சொல்லல?" என்றான். இரண்டாம் பதிப்பில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறான்.

ரைகான்


கசாலி
9 நவம்பர் 2022

ரைகானுக்கு,

திருத்தட்டும். ஆனால் என்னை ஏமாளி என்று எழுதிவிடப் போகிறான். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை, யோசித்துத்தான் சொன்னேன் என்று எழுதச் சொல். உன் அப்பா அப்போதுதான் சிறையிலிருந்து வந்திருந்தார். அந்த வீடு இன்னொரு கைதைத் தாங்காது என்று எனக்குப் பட்டது. அதற்காக ஒருநாளும் நான் வருந்தியதில்லை.

வருந்தியது வேறொன்றுக்கு. என்னை ஊருக்கு அனுப்பிய அன்று, ரயில் கிளம்பும்வரை நிலைய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. நீ அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிக்கும்போது, நீ ஏன் வரவில்லை என்பதற்கான பதிலைத்தான் முதலில் தேடினேன். பிறகுதான் புத்தகங்களை.

ஒரின்ஷா


அல்மாட்டி
21 நவம்பர் 2022

என் ஒரின்ஷாவுக்கு,

நான் வந்தேன்.

மாவு மூட்டைகள் அடுக்கிய தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றேன். மேடையில் உளவுத்துறை ஆட்கள் இரண்டு பேர் உன் ரயில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைப்பாய், வெளியே பார்ப்பாய், அது மறுபடி மூடும், மறுபடி துடைப்பாய். ஏழு தடவை. பத்தடி தூரம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை.

இதை எந்தப் பதிப்பிலும் திருத்த முடியாது.

கடையை மகளிடம் விட்டுவிட்டு வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன். இந்த முறை புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. நீ எங்கேயும் வந்து நிற்க வேண்டாம். வழி கேட்டு நானே உன் வீட்டுக்கு வருகிறேன். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கதவைத் திறப்பது உன் இஷ்டம்.

ரைகான்