மன்னிப்புக்கு மூன்று முறை

வின்னிபெக்,
16 செப்டம்பர் 2019

அன்புள்ள பேலா,

புத்தாண்டு வாழ்த்துகள். இந்த ஆண்டில் அறிந்தோ அறியாமலோ உங்கள் மனம் நோக நடந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மேலே இருப்பது நம் யூத சபையார் எல்லோருக்கும் அச்சடித்தது. உனக்கு மட்டும் கையால் எழுதுகிறேன். போன் எடுக்க மாட்டேன் என்கிறாயே, ஏன்? வியாழக்கிழமை வகுப்புக்கும் வருவதில்லை. இந்த வருடம் ‘தலைமைக்கு வேண்டிய குணங்கள்’ நடத்துகிறேன். குறுக்குக் கேள்வி கேட்க நீ இல்லாமல் வகுப்பே சப்பென்று இருக்கிறது. தேன் கேக் செய்து உன் வாசலில் வைத்திருக்கிறேன்.

உன் தோழி,
ஹென்யா சுக்கர்மன்
சபைத் தலைவி


19 செப்டம்பர்

ஹென்யா,

அட்டை வந்தது. என் பல் டாக்டருக்கும் அதே அட்டை வந்ததாம். இரண்டு தெரு நடந்து வந்தவள், மணி அடிக்காமல் கேக்கை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஏன் என்று கேட்டாய், சொல்கிறேன். கையெழுத்து கோணல்தான், படித்துக்கொள். முப்பத்தொரு வருடம் நம் சபையில் இறந்த பெண்களை நீயும் நானும் குளிப்பாட்டியிருக்கிறோம். அந்த அறையில் நடப்பது அதன் கதவைத் தாண்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மே மாதம் வாளி என் கையில் நடுங்கியது. இடைவிடாமல் விழ வேண்டிய நீர் அறுந்தது, முதலிலிருந்து ஊற்றினோம். அறையில் இருந்த நாலு பேருக்குத்தான் தெரியும்.

ஜூன் மாதக் கூட்டத்தில் மேடையேறி இருநூறு பேருக்குச் சொன்னாய்: “நம்ம பேலாவுக்குக் கை நடுங்குது, பாவம். ஒரு வாளியைக்கூடப் பிடிக்க முடியல. போதும், இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும். எல்லாரும் ஜோரா ஒரு தடவை கை தட்டுங்க!”

தட்டினார்கள். என் மகள் ஷிஃப்ரா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் நோயைப் பற்றி அதுவரை அவளிடம் நான் மூச்சுவிடவில்லை.

ஒருவரைச் சபையில் தலைகுனிய வைப்பது கொலைக்குச் சமம் என்று வகுப்பு எடுத்தவள் நீ. நான் குறிப்பெடுத்தேன். அப்போது கை நடுங்கவில்லை.

பேலா


3 அக்டோபர்

அன்புள்ள பேலா,

கொலை அது இது என்று எழுதிவிட்டாய். உன்னைக் கௌரவிக்கத்தான் நினைத்தேன். தலைவி என்று ஆனபின் கசப்பானதையும் சொல்லித்தான் தீர வேண்டும். ஷிஃப்ராவுக்குத் தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அட்டையில் ஒரு முறை கேட்டேன். புத்தாண்டன்று ஜெப ஆலய வாசலில் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இது மூன்றாவது. மூன்று முறை கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்டவள்மேல் குற்றமில்லை என்பது நம் நெறி, உனக்கும் தெரியும். பாவமன்னிப்பு நோன்பு நாளுக்கு முன் என் மனம் சுத்தமாகிவிட்டது.

நலம் விரும்பும்,
ஹென்யா


6 அக்டோபர்

ஹென்யா,

எண்ணிக்கை சரிதான். அட்டை ஒன்று, ஆலய வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டே “போனது போகட்டும்டி, மன்னிச்சிடு” என்றது ஒன்று, கடிதம் ஒன்று. நீ செய்தது என்ன என்பது மட்டும் எதிலும் இல்லை. ‘அறையில் நடந்ததை வெளியே சொன்னேன்.’ இந்த நாலு வார்த்தையை வந்து சொல்வாய் என்று ஜூன் முதல் தினமும் வாசல் விளக்கைப் போட்டுவைத்தேன். இன்று போடவில்லை.

அடுத்த கோடையைப் பற்றிக் கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். ஷிஃப்ராவிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். என்னைக் குளிப்பாட்ட வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும், நீ கட்டாயம் வர வேண்டும்.

நீரூற்றி, வெள்ளைத் துணி உடுத்தி, பெட்டியில் வைத்தபின், வழக்கப்படி இறந்தவளைத் தகப்பன் பெயரோடு சேர்த்துப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்பாய். முப்பத்தொரு வருடமாகப் பார்த்திருக்கிறேன். குரல் இறங்கும், கண் நிறையும். செத்தவர்களிடம் நீ நன்றாகவே கேட்பாய். உயிரோடு இருப்பவர்களிடம்தான் உனக்கு வராது.

அன்றைக்கு நான் முகத்தைத் திருப்ப மாட்டேன். மன்னித்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

அழைக்கும்போது பெயர் தவறக் கூடாது. கீழே எழுதியிருக்கிறேன்.

மோட்டெலின் மகள் பேலா