மறுத்துச் சொல்லும் வகுப்பு

என் செல்ல மகளுக்கு,

கால் வீக்கம் குறைந்ததா? நிறைய நேரம் நிற்காதே.

இன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு, மேலதிகாரியிடம் பணிவாக மறுத்துச் சொல்வது எப்படி என்று வகுப்பெடுத்தேன். நான்தான் மேலதிகாரியாக நடித்தேன். ஒரு பெண் எழுந்து, "மன்னிச்சுக்கோங்க, அந்த வாரம் என்னால முடியாது. வேற தேதி பேசலாமா?" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போது மேனேஜர் உள்ளே வந்தார். "அடுத்த மாசமும் ஒரு பேட்ச் வருது மேடம். உங்க லீவைத் தள்ளிப் போட்டுடுங்க."

இருபது பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"சரி சார்" என்றேன்.

லீவு எதற்கென்று காலையிலேயே அவர்களிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "சார், மேடம் பொண்ணுக்குப் பிரசவம்..." என்று ஆரம்பித்தாள். "நீ உக்காரும்மா" என்று அதட்டிவிட்டேன். அவள் அப்புறம் தலை நிமிரவே இல்லை. மேனேஜர் போன பிறகும் நான் சிரித்தபடியே நின்றேன். அதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு உன் மாமியாரை வரச் சொல்லிவிடு. நல்ல மனுஷி, பார்த்துக்கொள்வார்.

என்மேல் கோபம் வந்தால் திட்டி எழுது. "சரிம்மா" என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அம்மா