முத்துராஜ் எடுத்த நம்பர் படங்கள்

பழவேற்காடு,
20.10.2024, ஞாயிறு.

அன்புள்ள தம்பி விக்கிக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் நலம். உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இது கடித வழக்கத்துக்காக எழுதிய வரி இல்லை. கீழே இருப்பதைப் படித்துவிட்டு அண்ணி சாபம் விட்டாள் என்று நீ நினைக்கக்கூடாது. அதனால் நல்லதை முதலிலேயே எழுதிவிட்டேன். வயிறு எரிந்தது என்னவோ உண்மைதான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். புரட்டாசி பிறந்ததிலிருந்து நான் அழைத்தால் உன் போன் ஒரு தடவை அடித்துவிட்டு அடங்கிப்போகிறது. அனுப்புகிற செய்திக்கு இரண்டாவது டிக் விழுவதில்லை. உன் முகப்படத்தையும் காணோம். சித்தப்பா நம்மை பிளாக் பண்ணிவிட்டார் என்று பாப்பா சொல்லித்தான் எனக்கு அதன் அர்த்தம் தெரிந்தது. தமிழ்வேந்தன் லீவு முடிந்து நாளை மறுநாள் மஸ்கட் திரும்புகிறான். உன் ரூமுக்கு இரண்டு ரூம் தள்ளித்தான் இருக்கிறானாமே. நெத்திலிக் கருவாட்டோடு இதையும் உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கருவாட்டை ஒருநாள் வெயிலில் போட்டுவிட்டு எடுத்து வை, இங்கே இரண்டு நாளாக மழை ஈரம்.

போன புதன்கிழமை சுபஸ்ரீக்கு வளைகாப்பு நடந்தது. உன் பெண்டாட்டி முகம் தெளிந்து அழகாக இருக்கிறாள். கோபால் கூடப்பிறந்தவளுக்குக் குறை வைக்காமல் பந்தல் போட்டு, மேளம் வைத்துச் செய்தான். வளையல் போடும் நேரத்தில் நான் பந்தலுக்கு வெளியே, பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. புருஷன் இல்லாதவளுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாதம் ஐந்து வகை. புளிசாதத்தில் மட்டும் உப்பு தூக்கலாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தெரியாதவன் மாதிரி நடந்துகொள்கிறாய், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

உன் அண்ணன் கடலடிப் பாறையில் மீன் தங்கும் பார் ஒன்றைக் கண்டுபிடித்தால் அந்த இடத்து நம்பரை ஜிபிஎஸ் கருவியில் விட்டுவைக்க மாட்டார். கருவியை இரவல் கேட்பார்கள், கூட வருகிற ஆள் பொத்தானை அமுக்கிப் பார்ப்பான், ஒரே வாரத்தில் நாலு குப்பத்துப் படகும் அந்தப் பாருக்கு மேலே நிற்கும். அதனால் கருவியின் முகத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கருவியில் இருப்பதை அழித்துவிடுவார். எட்டு வருஷத்தில் முந்நூற்றுப் பதினெட்டு படங்கள். எல்லாம் ஆடுகிற படகில் எடுத்தவை. சாய்ந்திருக்கும், வெயிலில் வெளுத்திருக்கும், தண்ணீர் தெறித்திருக்கும். விவரம் தெரியாதவர் பார்த்தால் குப்பை என்றுதான் சொல்வார்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவர் போனபோது அந்த போனும் கூடவே போய்விட்டது. அப்போது நீ செய்ததை நான் மறக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் ஒரு புதுப் போனோடு வந்தாய். அண்ணன் போனை என் கணக்குலதானே போட்டுக் குடுத்தேன், போன் தண்ணியில போனாலும் படம்லாம் மேல பத்திரமா இருக்குது, எங்கியும் போவாது அண்ணி என்று சொல்லித் திறந்து காட்டினாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கு உன்னை நான் பெற்ற பிள்ளையாகத்தான் நினைத்தேன்.

நம் ஊர்க்கணக்கில் ஆண் இல்லாத வீடு தலைக்கட்டு இல்லை. எனக்கு இருப்பதும் பெண்பிள்ளை. ஊர்க்கூட்டத்தில் எனக்குப் பேச இடம் கிடையாது. அப்படியிருந்தும் இரண்டு வருஷம் நாலு ஆம்பளைகள் தினமும் என் வாசலில் வந்து நின்றுவிட்டுத்தான் கடலுக்குப் போனார்கள். படகு ஓட்டுகிற பொன்னுரங்கம் அண்ணன் உள்ளங்கையை நீட்டுவார். நான் அன்றைக்கு எந்தப் பார் என்று முடிவு பண்ணி, படத்தைப் பார்த்து நம்பரை பேனாவால் அவர் கையில் எழுதுவேன். வலை இழுத்து, உப்புத்தண்ணீர் பட்டு, திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அவர் யோக்கியமான மனுஷன், கருவியிலும் அழித்துவிடுவார். முத்துராஜ் பொண்டாட்டி என்றவர்கள் செவ்வந்தியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் வீட்டு அடுப்பு எரிந்ததும், பாப்பா மீஞ்சூர் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அந்த நம்பர்களால்தான்.

இன்னொன்று உனக்குச் சொன்னதில்லை. சில படங்களில் கருவியின் கண்ணாடியில் அவர் முகம் கொஞ்சம் விழுந்திருக்கும். தொப்பி, மூக்கு, நாலு நாள் தாடி. நம்பர் பார்க்கிற சாக்கில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாண ஆல்பத்தில் இருக்கிறவர் பவுடர் பூசிய வேறு யாரோ. எனக்கு என் புருஷன் அந்த நம்பருக்குப் பின்னால்தான் இருந்தார்.

ஆடி மாதம் நீ போன் பண்ணி, படகை விற்றுப் பங்கு பிரிச்சிக்கலாம் அண்ணி என்றாய். அது உங்கள் அப்பா, நைனா, வாங்கிய படகில்லை, நானும் உன் அண்ணனும் சேர்ந்து வாங்கியது, பாப்பா படிப்பு முடிகிற வரைக்கும் ஓடட்டும் என்றேன். சரிங்க அண்ணி என்று வைத்துவிட்டாய். பத்து நாள் கழித்து ஒரு காலையில் பொன்னுரங்கம் அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், என் போனில் ஒரு நம்பர் படமும் இல்லை. உன் கல்யாணப் படம் இருக்கிறது. மஸ்கட்டில் நீ ஐஸ்கிரீம் தின்கிற படம் ஒரே மாதிரி பதினொன்று இருக்கிறது. அவர் கையை மடக்கிக்கொண்டு, பரவாயில்லம்மா, அடையாளம் வச்சி எங்கனா போறேன் என்று கிளம்பினார். கரையை அடையாளம் வைத்து அவருக்குத் தெரிந்த இடம் மூன்றோ நாலோதான்.

உன்னைக் கேட்டேன். இடம் ஃபுல்லாயிட்ச்சுன்னு தினமும் மெசேஜ் வந்துது, மங்கலான படத்தையெல்லாம் எடுத்துடலாமான்னு அதுவே கேட்டுச்சு, இன்னா ஏதுன்னு பாக்காம சரின்னு அமுக்கிட்டேன் அண்ணி, மன்னிச்சிடு என்றாய். நானும் நம்பி உன்னைத் தேற்றினேன். தெரியாமல் செய்ததுதானே தம்பி, மனசை விட்டுவிடாதே என்றேன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு மாதத்தில் மூன்று ஆட்கள் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. நான் ஏலக்கரையில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து ஊருக்குள் விற்கிறேன். அங்கேதான் கோபால் படகு மீனைப் பார்த்தேன். இதுநாள்வரை சுதும்பும் காரப்பொடியும் கொண்டுவந்தவன் பாரில் கிடைக்கிற களவாவும் சங்கராவும் கொட்டுகிறான், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. பொன்னுரங்கம் அண்ணன் மீனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

போனை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் ரயிலடி பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ரமேஷிடம் போனேன். அழித்த படம் உடனே போய்விடாதாம். அறுபது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்குமாம், மனசு மாறினால் திரும்ப எடுக்கலாமாம். நான் போனபோது ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆசையோடு நின்றேன். தொட்டி காலி. இது தானா காலியாவாதுக்கா, யாரோ உள்ள போய், ஒரேயடியா அழிச்சிடட்டுமான்னு கேட்டதுக்கு ஆமான்னு சொல்லியிருக்காங்க என்றான். பிறகு, நாம் யாருக்காவது படம் பகிர்ந்திருந்தால் தெரிகிற இடத்தைத் திறந்தான். அங்கே ஒரு ஆல்பம் இருந்தது. உள்ளே படம் ஒன்றும் இல்லை, கோபால் தன் போனில் இறக்கிக்கொண்ட பிறகு நீ அழித்திருக்கிறாய். மேலே இரண்டு பெயர் மட்டும் இருந்தது, விக்கி, கோபால். தேதி, நீ அழித்ததற்கு முந்தின நாள். எல்லாவற்றையும் துடைத்தவன் அந்தக் காலி ஆல்பத்தைத் துடைக்க மறந்துவிட்டாய்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஆறாவது படித்தாய். உனக்குத் தலை துவட்டி, சோறு கட்டி அனுப்பியது நான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள், அதைக் கண்ணால் பார்த்தேன். மச்சானுக்கு நம்பர் வேண்டும் என்று நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், விக்கி. கடல் பெரிசுதான். ஆனால் அவனுக்குக் கொடுத்ததோடு நிற்காமல் என் கையில் இருந்ததை ஏன் அழித்தாய் என்று பல நாள் யோசித்தேன். பிறகு புரிந்தது. படகு கரையில் கிடந்தால்தானே விற்பேன். உன் அண்ணன் முகமும் அதிலே இருந்தது உனக்குத் தெரியாது, அந்த ஒன்றை மட்டும் உன் மேல் போட மாட்டேன்.

இனிமேல் இருப்பதை நிதானமாகப் படி. அந்த முந்நூற்றுப் பதினெட்டும் மீன் கிடைக்கிற இடமில்லை. நாற்பத்திரண்டு படங்களில் நம்பர் தெரியும், ஆனால் திரையின் வலது ஓரத்தை அவர் கட்டைவிரல் மறைத்திருக்கும். பார்த்தால் கை தவறிப் பட்டது போல இருக்கும். அது அவர் வேண்டுமென்றே வைத்த விரல். அங்கெல்லாம் அடியில் உடைந்த கப்பலின் இரும்பு கிடக்கிறது. வலை மாட்டினால் வராது. நீரோட்டத்தில் படகு பின்பக்கம் அமுங்கி, ஒரு அலைக்குள் தண்ணீர் ஏறிவிடும். ஒரு தடவை அப்படி மாட்டி, கயிற்றை அறுத்துவிட்டு நூலிழையில் தப்பி வந்தார். இங்கே போகக்கூடாது என்பதற்குத்தான் விரல். இது எனக்கு மட்டும் தெரியும். பொன்னுரங்கம் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

தீபாவளி முடிந்ததும் மிச்ச நம்பரையெல்லாம் ஒன்றொன்றாக வலை விட்டுப் பார்க்கப்போவதாகக் கோபால் ஏலக்கரையில் சொல்லிக்கொண்டிருந்தான். நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, கடலம்மா குடுத்தது என்று சிரித்தான். அதைக் கேட்டுவிட்டு நான் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறதியால் இல்லை. போகட்டும், திருடியதை அனுபவிக்கட்டும் என்றுதான் இருந்தேன். நான் எப்படிப்பட்டவள் ஆகிவிட்டேன் என்று நீயும் தெரிந்துகொள். வளைகாப்புப் பந்தலில் அவன் பெண்டாட்டி வந்து, ஏங்க்கா இங்க நிக்கறீங்க, உள்ள வாங்க என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையில் கண்ணாடி வளையல். அதற்குப் பிறகு இரண்டு வாய்க்கு மேல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

நேற்று அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். எந்த நம்பர், எந்தப் படம், எனக்கு இன்னா தெரியும், நல்ல எடத்தவுட்டு என்னை வெரட்டப் பாக்கறியா என்று வாசலோடு அனுப்பிவிட்டான். நான் சொன்னால் அவன் நம்பமாட்டான். நீ சொன்னால் நம்புவான். அண்ணி சொன்னாள் என்று சொல்லாதே, அண்ணன் உயிரோடு இருந்தபோது உன்னிடமே சொன்னார் என்று சொல். இத்தனை பொய் சொன்னாய், அதில் ஒன்றாவது நாலு பேரைக் கரை சேர்க்கட்டும்.

பிறக்கப்போகிற உன் பிள்ளை நூறு வயசு இருக்கட்டும். அதற்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். இதைப் படித்து முடித்ததும் போனை எடு. என்னோடு பேச வேண்டாம், கோபாலோடு பேசு.

இப்படிக்கு,
உன் அண்ணன் வீட்டு
செவ்வந்தி