அலாரம் அடித்த பக்கம்

என் அன்பு மனைவி எழுத்தாளரம்மாவுக்கு,

"சாவைப் பத்தி நாவல் எழுதினா யாருங்க படிப்பாங்க?" என்று கேட்டு, எழுதியதைத் தூக்கிப் போடப் போனாயே, பதில் கிடைத்துவிட்டது! முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே அயல்நாட்டில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு நான் நடத்தும் தமிழ் வாசிப்பு வகுப்பில், நேற்று மாலை உன் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். 'மீளாத் துயில்', 'கண்ணீர்க் கடல்' என்று வந்த இடங்களிலெல்லாம் வகுப்புக்கு வரும் டிரைவர் ஒருவர் கொட்டாவி விட்டார். "அழுகையை எல்லாம் எழுதினவங்களே அழுதுட்டாங்க சார், நமக்கு மிச்சமே வைக்கலை" என்று கூடப் படிக்கும் நர்ஸம்மா சிரித்தார்.

பிறகு, அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் இறந்தவரின் செல்போன் அலாரம் அடிக்கும் பக்கம் வந்தது. மனைவி அடுப்படியிலிருந்தே, "ஏங்க, மாத்திரை!" என்று குரல் கொடுக்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். டிரைவர் எழுந்து வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டார்! உவமை ஒன்றும் இல்லாத அந்த வரிதான் உன் நடை.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. அடுத்த அத்தியாயத்தை உன் குரலிலேயே பதிந்து அனுப்பு; அறையில் பேச்சுத்துணை இல்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். அந்த அலாரத்திலிருந்து கதையை ஆரம்பித்து ஒருமுறை எழுதிப் பார்.