சேற்றுக்கு ஓர் இஞ்சின்

2025 மே 3, சனி
பழைய கெப் வண்டி இனித் திருந்தாது. வயலுக்கு வேறொன்று எடுக்கவேண்டும். என் கணவர் இன்ஷாப் ஆறு சிலிண்டர் பெற்றோல்தான் என்று நிற்கிறார். கட்டாரில் அவர் ஓட்டியது அதுதான்; மணல்மேட்டில் பறக்குமாம். நான் டீசல் என்றேன். காதில் விழாததுபோல் எழுந்து போய்விட்டார்.

அவர் கட்டாரை விட்டு நிரந்தரமாக வந்து மூன்று மாதம். வயல்வட்டையில் எது எங்கள் வரம்பு, எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஆகாது — எல்லாம் என்னிடம் கேட்டுத்தான் அறிகிறார். அவருக்குத் தெரிந்தது வாகனம் ஒன்றுதான். அதிலும் நான் தலையிடவா?

மே 6
சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "சரிவராட்டி நான் திரும்பிப் போறன், ஷாகிரா."
கெப்பைப் பற்றித்தானா?

மே 10
வாகன வியாபாரி நௌஷாட் பெற்றோல் ஒன்று, டீசல் ஒன்று என்று இரண்டு கெப்பையும் வாகனேரியிலுள்ள எங்கள் வயலுக்கே கொண்டுவந்தார். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து பாதை களிமண்ணாகக் கிடந்தது. இன்ஷாப் பெற்றோல் கெப்பில் ஏறி, மணலில் செய்வதுபோல் தூரத்திலிருந்தே வேகமெடுத்தார். சில்லுகள் சும்மா சுழன்றன. இன்னும் மிதித்தார். வண்டி தன் குழியைத் தானே தோண்டி அதிலேயே இருந்துவிட்டது.

"மச்சான், ஒட்டகத்த வயலுக்க இறக்கின மாதிரி இரிக்கி!" என்றார் நௌஷாட். வரம்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டீசல் அதே இடத்தை எருமைபோல் மெதுவாகக் கடந்தது. பெற்றோல் இஞ்சினில் பலம் இல்லாமல் இல்லை. வேகமாகச் சுழலும்போதுதான் அது வரும். களிக்கு மெதுவாகப் போகும்போதே பலம் வேண்டும். பாடசாலையில் பௌதிகம் படிப்பிக்கிறவள் அல்லவா, விளக்க வாய் திறந்தேன். அவர் முகமெல்லாம் சேறு. மூடிக்கொண்டேன்.

மே 11
"டீசலையே எடு." அவ்வளவுதான்.
வென்றுவிட்டேனா? பாஸ்போட்டைத் தேடியெடுத்து மேசையில் வைத்திருக்கிறார்.

ஓகஸ்ட் 15, வெள்ளி
புது வண்டியில் செம்மஞ்சள் விளக்கு. இழுவையும் குறைந்துவிட்டது. கராஜில் காட்டினால், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் பெட்டி அடைத்திருக்கிறதாம். நீண்ட பாதையில் ஒரே வேகத்தில் ஓடினால்தான் சூடேறி அந்தக் கரி எரியுமாம். எங்கள் ஓட்டமோ வீடு, வயல், வீடு.

எந்த நாட்டு நெடுஞ்சாலையையோ நினைத்து வைத்த பெட்டி. புகை சுத்தமாக வேண்டும் என்று குறுகிய ஓட்டக்காரரைக் கைவிட்டிருக்கிறார்கள். ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைச் செய்கிறார்கள் — விட்டது எது என்று விளம்பரத்தில் போடுவதில்லை. வாங்குமுன் அவ்வளவு வாசித்தும் நான் கவனிக்கவில்லையே!

இன்ஷாப் குத்திக் காட்டுவார் என்றே இருந்தேன். "ஓம்கா, உன்ட இஞ்சின் உலாத்தக் கேக்குது. வா, நீட்டு றோட்டால புணானைப் பக்கம் போவம்" என்றார்.

போகும்போதே விளக்கு அணைந்துவிட்டது. திரும்பும்போது பேசினார். கட்டாரில் வெள்ளிக்கிழமைகளில் தனியே வண்டியெடுத்து மணலுக்குள் போய் நிற்பாராம். ஏன் என்றேன்.
"உனக்கு போன் கோல் எடுத்தா நீ வயல்ல நிப்பாய்."
வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டெம்பர் 26
மறுபடியும் விளக்கு. மறுபடியும் புணானை. வழியில் இளநீர். பாஸ்போட் அலுமாரிக்குள் போய்விட்டது.

நவம்பர் 7, வெள்ளி
விதைப்பு முடிந்த அலுப்பு. அஸர் தொழுதுவிட்டு வந்து சாவியை ஆட்டினார்.
"வாகா, லைட் பத்திட்டு."
ஏறி இருந்து பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை.
சீற் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.